ஹாரிஸ் பிரபுவின் தடத்தில்: லார்ட்ஸிலிருந்து ஆசாத் மைதானம் வரை

புறப்படும் முன்

சென்னை ராயபுரம் ரயில் நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று திறந்துவைத்தவர் அன்றைய மாகாண கவர்னர் ஹாரிஸ் பிரபு. மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அங்கிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவத்தின் மேல் உள்ள ஹாரிஸ் பாலமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணம் அவரைப் பற்றியது அல்ல, அவர் மகனைப் பற்றியது.

இந்தக் குடும்பத்தில் 'ஹாரிஸ் பிரபு' என்று பலர் உண்டு. பெயர்ப் பலகைகளில் பெரும்பாலும் எண் இருக்காது. எனவே முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர். மூன்றாமவர் 1854 முதல் 1859 வரை சென்னை கவர்னர். நான்காமவர் ஜார்ஜ் ராபர்ட் கேனிங் ஹாரிஸ். இங்கிலாந்து கேப்டன், இந்தியத் துறைக்கும் போர்த் துறைக்கும் துணை அமைச்சர், பம்பாய் கவர்னர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரி. ஐந்தாமவர் கடிகாரம் சேர்த்தவர். இந்த வரிசை பிடிபட்டால், இவர்கள் குடும்ப வீடு இருக்கும் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் குழப்பம் வராது.

நான்காமவர் 1851 பிப்ரவரி 3 அன்று டிரினிடாட்டில் பிறந்தார், அப்பா அங்கே கவர்னராக இருந்தபோது. ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் என்று படிப்பு. 1872 நவம்பரில் அப்பா இறந்ததும் 21 வயதில் பட்டம் வந்து சேர்ந்தது. அந்த வயதிலேயே பிரபுக்கள் சபையில் இடம் உறுதி. தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்கும் அரசியல் அவருக்குத் தேவைப்படவே இல்லை. அவரைப் புரிந்துகொள்ள இதை மறக்கக்கூடாது.

முதல் நாள்: லார்ட்ஸ்

ஜூபிலி லைனில் செயின்ட் ஜான்ஸ் வுட் நிலையத்தில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் மைதானம். சுற்றிப் பார்க்க முன்பதிவு செய்துவிட வேண்டும். பெரிய ஆட்டம் இருக்கும் நாளில் சுற்று கிடையாது. அதற்கு முந்தைய நாளும் பல பகுதிகளை மூடிவிடுவார்கள். லண்டன் டிக்கெட் எடுக்கும் முன் ஆட்ட அட்டவணையைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

வழிகாட்டி பெவிலியனின் லாங் ரூமில் நிறுத்தும்போது எல்லோரும் ஓவியங்களைப் பார்ப்பார்கள். அங்கே ஜன்னல் வழியாகப் புல்தரையையும் பாருங்கள். இந்த மைதானத்தின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரம். பெவிலியன் முனையிலிருந்து வீசினால் வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து உள்ளே வரும். எதிர் முனையிலிருந்து வீசினால் வெளியே போகும். தொலைக்காட்சியில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

பெவிலியன் 1890ல் திறக்கப்பட்டது. அதன் பின்பக்கம் இருப்பதுதான் ஹாரிஸ் தோட்டம். ஹாரிஸ் 1895ல் மெரில்போன் கிரிக்கெட் கிளப்பின் தலைவர், பிறகு அறங்காவலர், 1916 முதல் சாகும் வரை பொருளாளர். இந்த மூன்றில் கடைசிப் பதவிதான் கனமானது. தலைவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார், பொருளாளர் இருந்துகொண்டே இருப்பார். பதினாறு ஆண்டுகள் லார்ட்ஸில் அவரைத் தாண்டி எதுவும் நகர்ந்திருக்காது.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு வாலி ஹேமண்ட் விவகாரம் ஒன்றே போதும். ஹேமண்ட் பிறந்தது கென்ட்டின் டோவரில். க்ளாஸ்டர்ஷயருக்கு ஆட வந்தார். பிறந்த கவுன்டி (மாவட்டம்) அல்லாத ஒன்றுக்கு ஆட வேண்டுமானால் அங்கே இரண்டு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. 1922ல் ஹாரிஸ் தரப்பு ஆட்சேபம் எழுப்பியது. வளர்ந்து வந்த ஓர் இளைஞன் தகுதிக் காலம் முடியும் வரை கவுன்டி ஆட்டமின்றி உட்கார வேண்டியதாயிற்று. கென்ட்டுக்கு அவரை இழுக்கும் சூழ்ச்சி என்று அன்று பலர் பேசினார்கள். எங்கள் பார்வையில் அது சூழ்ச்சி அல்ல. ஹாரிஸுக்கு விதி எழுத்தில் இருந்தால் போதும். யார் தலையில் விழுகிறது என்று பார்க்க மாட்டார். அது அவருடைய பலம், அதுவே அவருடைய பெரிய குறையும். இந்தப் பயணம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி எதிரே வரும்.

அருங்காட்சியகத்தில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மோதும் ஆஷஸ் தொடரின் சின்னமான தாழியை எல்லோரும் தேடிப் போவார்கள். அதன் சொந்தக்காரர் ஐவோ ப்ளையும் கென்ட்காரர், ஹாரிஸின் அணியில் ஆடியவர். தாழியின் உயரம் ஒரு ஜாண்கூட இல்லை. பெரிதாக எதிர்பார்த்துப் போனால் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று. 1926ல் இந்தியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகளை டெஸ்ட் ஆடும் நாடுகளின் வட்டத்துக்குள் சேர்க்க வழி பிறந்தது ஹாரிஸ் லார்ட்ஸில் செல்வாக்கோடு இருந்த காலத்தில்தான். அவர் 1932 மார்ச் 24 அன்று இறந்தார். அதே ஆண்டு ஜூன் 25 அன்று, சி.கே. நாயுடு தலைமையில், இந்தியா தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது இதே புல்லில். மூன்று மாத இடைவெளி.

இரண்டாம் நாள்: ஓவல்

நார்தர்ன் லைன், ஓவல் நிலையம், ஐந்து நிமிட நடை. மைதானத்துக்கு வெளியே தெரியும் பழைய எரிவாயுத் தொட்டியின் இரும்புச் சட்டம் விக்டோரியா காலத்து மிச்சம். இப்போது அதற்குள் குடியிருப்பு வந்துவிட்டது.

இங்கே பார்க்க வேண்டியது கட்டடம் அல்ல, ஒரு தேதி: 1880 செப்டம்பர் 6. இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அன்றுதான் தொடங்கியது. இங்கிலாந்து கேப்டன் ஹாரிஸ். இந்த ஆட்டம் ஏன் பெரிது என்று தெரிய, ஒன்றரை ஆண்டு பின்னால் சிட்னிக்குப் போக வேண்டும்.

1879 பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஹாரிஸின் சுற்றுப்பயண அணிக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆட்டம். இங்கிலாந்து அணி 267. பதிலுக்கு நியூ சவுத் வேல்ஸ் 177. பில்லி மர்டாக் கடைசி வரை ஆட்டமிழக்காமல் 82. தொடர்ந்து மறுபடி ஆட வந்தார்கள். மர்டாக் 10ல் இருந்தபோது நடுவர் ஜார்ஜ் கோல்தார்ட் ரன் அவுட் கொடுத்தார். கோல்தார்ட் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாக்காரர், ஹாரிஸே அழைத்து வந்தவர். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஏற்கெனவே ஆகாது. மைதானத்தில் பந்தயப் பணமும் நிறையப் புரண்டது. இந்த மூன்றும் சேர்ந்து வெடித்தன. கூட்டம் களத்துக்குள் புகுந்தது. கோல்தார்டைக் காக்கப் போன ஹாரிஸ் மேல் ஓர் அடி விழுந்தது; அடித்தவனை அவர் அணியின் ஏ.என். ஹார்ன்பி பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளூர் கேப்டன் டேவ் கிரிகரி நடுவரை மாற்றச் சொன்னார். ஹாரிஸ் மறுத்தார். அன்று மீண்டும் மீண்டும் கூட்டம் உள்ளே வந்தும், ஆட்டக்காரர்களை அவர் வெளியே கொண்டுபோகவில்லை. காரணம் உண்டு. களத்தை விட்டு வெளியேறினால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக எதிரணி உரிமை கோரலாம். திங்கட்கிழமை ஆட்டம் தொடர்ந்தது, எதிரணி 49க்குச் சுருண்டது, ஹாரிஸின் அணி ஓர் இன்னிங்ஸ் 41 ரன் வித்தியாசத்தில் வென்றது. அன்று இன்னொரு நடுவராக நின்ற எட்மண்ட் பார்ட்டன் பிற்பாடு ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர்.

ஹாரிஸ் எழுதிய கடிதம் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வந்தது. ஆஸ்திரேலியர் மேல் கசப்பு பரவியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணிக்குப் பெரிய ஆட்டங்களே கிடைக்கவில்லை. சர்ரே செயலாளர் சி.டபிள்யூ. ஆல்காக் முயன்று ஓவலில் ஏற்பாடு செய்தார். ஆனால் அடிபட்ட ஹாரிஸே இறங்கி வராமல் ஒரு முழு இங்கிலாந்து அணி சேர்ந்திருக்காது. அவர் வந்தார், அணியைத் திரட்டினார், கேப்டனாக நின்றார்.

இங்கிலாந்து 420. டபிள்யூ.ஜி. கிரேஸ் 152, ஹாரிஸ் 52. ஆஸ்திரேலியா 149, தொடர்ந்து ஆடி 327. மர்டாக் ஆட்டமிழக்காமல் 153, கிரேஸைவிட ஒன்று கூட. சிட்னியில் ரன் அவுட் ஆன அதே மர்டாக்! வெற்றிக்கு 57 ரன் எடுக்க இங்கிலாந்து ஐந்து விக்கெட்டை இழந்தது. காயத்தால் ஆஸ்திரேலியாவின் முக்கியப் பந்துவீச்சாளர் ஸ்பாஃபர்த் ஆடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் இருந்திருந்தால் அந்த 57 அவ்வளவு லேசில் வந்திருக்காது.

மூன்றாம் நாள்: ஃபேவர்ஷாம், பெல்மான்ட், த்ரோலி

இன்றைய நாள்தான் கவனமாகத் திட்டமிட வேண்டியது. ஃபேவர்ஷாமுக்கு லண்டனிலிருந்து இரண்டு வழி: விக்டோரியாவிலிருந்து சாதாரண ரயில், செயின்ட் பாங்க்ராஸிலிருந்து அதிவேக ரயில். அதிவேக ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் வழியில் மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விக்டோரியாவே போதும்.

ஃபேவர்ஷாமில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கேன்டர்பரி வழியாக டோவருக்கு, மற்றது கடலோரமாக மார்கேட், ராம்ஸ்கேட்டுக்கு. தூங்கிவிட்டு நிலையத்தைத் தவறவிட்டால் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

நிலையத்திலிருந்து ஹாரிஸ் குடும்ப வீடான பெல்மான்ட் தென்மேற்கே ஆறேழு கிலோமீட்டர். நடக்கலாம், ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் பாதை குறுகலான கிராமச் சாலை. இரு பக்கமும் உயர்ந்த வேலி, நடைபாதை கிடையாது, வளைவில் கார் வருவது கடைசி நொடியில்தான் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் டாக்சியே நல்லது. திரும்பி வருவதற்கும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கையைக் காட்டி நிறுத்த வண்டி வராது. வீடு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சில நாட்கள் மட்டும், வழிகாட்டியோடுதான் திறப்பார்கள். தோட்டம் அதைவிட அதிக நாட்கள் திறந்திருக்கும். நாளைச் சரிபார்க்காமல் போனால் தோட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

வீட்டை 1790 வாக்கில் கட்டியவர் சாமுவேல் வயட். ஜெனரல் ஹாரிஸ் 1801ல் வாங்கினார். பணம் எங்கிருந்து வந்தது? ஸ்ரீரங்கப்பட்டணக் கொள்ளையில் தலைமைத் தளபதிக்கு வந்த பங்கிலிருந்து. அது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல், அன்றைய கணக்கில். 1815ல் கிடைத்த பட்டத்தின் முழுப் பெயரிலேயே ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் பெல்மான்ட்டும் சேர்ந்து வருகின்றன. திப்பு விழுந்த ஊரின் பெயர் சேர்ந்த பட்டத்தைத்தான் இங்கிலாந்தின் கிரிக்கெட் பிரபு சாகும் வரை சுமந்தார். வீட்டுக்குள் சுவரில் தொங்கும் இந்தியப் படங்களையும் பொருட்களையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது, கூடாது.

உள்ளே போகும் முன் வெளிச்சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். மங்கிய பால் நிறச் செங்கல் போலத் தெரியும். செங்கல் அல்ல, ஓடு. ஒவ்வொரு ஓட்டின் மேல் பாதியும் மெலிந்து பின்னால் ஒளிந்திருக்கும். கீழ்ப்பாதி மட்டும் செங்கல் முகம் போலத் தடித்து முன்னுக்கு வரும். ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்டு, இடுக்கில் சுண்ணாம்புக் கலவை பூசிவிட்டால் செங்கல் கட்டுமானமாகவே கண்ணுக்குப் படும். கண்டுபிடிக்க ஜன்னல் ஓரத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான செங்கல் மூலையில் திரும்பும். ஓடு அங்கே திரும்பாமல் நின்றுவிடும், அந்த இடத்தை மரச் சட்டமோ வேறேதோ மூடியிருக்கும். செங்கல் வரியை ஏய்க்கத்தான் இந்த வேலை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ஓட்டுக்கும் வரி இருந்தது. எடை குறைவு, மழை புகாது, பார்வைக்கு நயம் என்பவைதான் நம்பத்தக்க காரணங்கள்.

வீடு முழுக்கக் கடிகாரம். நூற்றுக்கணக்கில். ஐந்தாம் பிரபு சேர்த்தவை. கடிகாரத்துக்கென்றே தனிச் சுற்று வைக்கிறார்கள், வழக்கமான சுற்றில் அவற்றின் முன் அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். கிரிக்கெட்டுக்காக வருகிறவர்கள் வழக்கமான சுற்றை எடுத்தால் போதும்.

எங்களைப் பொறுத்தவரை பெல்மான்ட்டின் உயிர் வீட்டில் இல்லை. பூங்காவின் ஓரத்தில் நிற்கும் ப்ராஸ்பெக்ட் டவரில் இருக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லால் 1808 வாக்கில் ஜெனரல் கட்டிய சின்னக் கோபுரம். ஆசைக்குக் கட்டியது, காவலுக்கு அல்ல. கொள்ளுப்பேரன் அதைக் கிரிக்கெட் பெவிலியன் ஆக்கிவிட்டார். பக்கத்திலேயே ஆடுகளம் போட்டு, ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையாகக் கோபுரத்தைப் பயன்படுத்தினார். ஸ்ரீரங்கப்பட்டணப் பணத்தில் எழுந்த கோபுரத்தில் கால் கவசம் கட்டிக்கொண்டு ஆட இறங்கியிருக்கிறார்கள். இப்போது அதை ஓர் அறக்கட்டளை பழுது பார்த்து, இருவர் தங்கும் விடுதியாக வாடகைக்கு விடுகிறது. கோடையில் தங்க வேண்டுமானால் பல மாதம் முன்பே பதிய வேண்டும். தங்காதவர்கள் வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே ஆள் இருப்பார்கள், ஜன்னலை எட்டிப் பார்க்காதீர்கள்.

கொஞ்ச தூரத்தில் த்ரோலி ஊர்த் தேவாலயம். முதல் பிரபுவுக்கு ஜார்ஜ் ரென்னி செதுக்கிய சிலை அங்கே இருக்கிறது. அரை மணி போதும்.

நான்காம் நாள்: கேன்டர்பரி

ஃபேவர்ஷாமிலிருந்து கேன்டர்பரி ஈஸ்ட் கால் மணி நேரம். கேன்டர்பரியில் இரண்டு நிலையம் உண்டு. செயின்ட் பாங்க்ராஸ் அதிவேக ரயில் போவது வெஸ்டுக்கு, அதுவும் ஆஷ்ஃபர்டு வழியாக. செயின்ட் லாரன்ஸ் மைதானத்துக்கு ஈஸ்ட்தான் கிட்டம். பழைய டோவர் சாலையில் இருபது நிமிட நடை.

1847லிருந்து இங்கே ஆட்டம் நடக்கிறது. எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஓர் எலுமிச்சை மரம் இருந்தது என்று தமிழில் சிலர் எழுதிவிட்டார்கள். அது பழ மரம் அல்ல; லிண்டன் என்ற ஐரோப்பிய நிழல் மரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த குழப்பம். பந்து மரத்தில் பட்டால் நான்கு ரன், பிடித்தாலும் அவுட் இல்லை. 2005 ஜனவரிப் புயல் காற்றில் அது முறிந்தது. இப்போது நிற்பது வாரிசு மரம், எல்லைக்கு வெளியே.

ஹாரிஸ் 1870ல் கென்ட்டுக்கு ஆடத் தொடங்கி, 1875 முதல் 1889 வரை கேப்டன். 1884ல் ஆஸ்திரேலிய அணியை வென்ற ஒரே கவுன்டி கென்ட், வென்ற இடமும் இதே மைதானம். மொத்தம் முதல் தர ஆட்டங்களில் 9,990 ரன், 11 சதம். பத்தாயிரத்துக்குப் பத்தே ரன் குறைவு! கடைசி ஆட்டம் 1911ல், 60 வயதில், லண்டன் ஓரத்துக் கேட்ஃபோர்டில். எதிரணி இங்கிலாந்துக்கு வந்த முதல் அகில இந்திய அணி.

ஆனால் கென்ட்டில் அவர் செய்த பெரிய காரியம் மட்டை பிடித்ததில் இல்லை. 1885ல் லங்காஷயரின் கிராஸ்லாண்டும் நாஷும் பந்தை வீசாமல் எறிகிறார்கள் என்று எழுதி அனுப்பி, அந்தக் கவுன்டியோடு அடுத்த ஆட்டத்தையே கென்ட் ரத்து செய்தது. சொந்த வருமானம் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். கைமடிப்புப் பிரச்சினையை அப்போது நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். சம்பளத்துக்கு வரும் நடுவர் ஒரு கவுன்டியின் முக்கியப் பந்துவீச்சாளருக்கு எதிராக வாய் திறந்தால் மறு வேலை கிடைக்காது. ஒரு பிரபு பேசியதால்தான் விஷயம் அசைந்தது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் குளிர்காலத்திலும் ஊதியம் தந்த முன்னோடிக் கவுன்டிகளில் கென்ட் ஒன்று. அதற்கு முன் செப்டம்பரில் ஆட்டம் முடிந்தால் ஏப்ரல் வரை அவர்கள் கூலி வேலை தேட வேண்டும். டன்பிரிட்ஜில் 1897ல் தொடங்கிய பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர்தான் பந்துவீச்சாளர் காலின் ப்ளைத். 1917ல் போர்முனையில் மாண்ட அவருக்கு இங்கே, செயின்ட் லாரன்ஸ் வாயிலருகே, நினைவுச் சின்னம் இருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போங்கள்.

ராணுவ வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு இங்கே கண்ணுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அவர் இருந்தது ராயல் ஈஸ்ட் கென்ட் யோமன்ரி என்ற தன்னார்வக் குதிரைப்படையில். 1899 டிசம்பரில் போயர்களிடம் ஒரே வாரத்தில் மூன்று தோல்வி கண்ட பிறகு, பிரிட்டன் இம்பீரியல் யோமன்ரியைத் திரட்டியது. கம்பெனிக்கு 115 பேர் கணக்கு, குதிரையில் போய் இறங்கித் துப்பாக்கியால் சுடும் ஆட்கள். ஹாரிஸ் 1900ல் தென்னாப்பிரிக்காவில் அந்தப் படையின் நிர்வாக அதிகாரியாக இருந்தார். ஆள் கணக்கு, குதிரைக் கணக்கு, ஆணை அனுப்புவது என்று எழுத்து வேலை. கொள்ளுத்தாத்தாவைப் போலக் கோட்டை பிடித்தவர் அல்ல.

ஐந்தாம் நாள்: மும்பை

விமானத்தில் வந்த களைப்போடு ஆரம்பிக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு மரைன் லைன்ஸ் நிலையத்தில் இறங்கினால்தான் நடக்க முடியும். அங்கிருந்து சார்னி ரோடு வரை கடலைப் பார்த்து வரிசையாக ஜிம்கானாக்கள் (விளையாட்டு மன்றங்கள்): பார்சி, இஸ்லாம், இந்து. உள்ளே உறுப்பினர்களுக்கு மட்டும். ஆட்டம் நடந்தால் வெளி வேலியோரம் நின்று பார்க்கலாம்.

ஹாரிஸ் 1890 முதல் 1895 வரை இங்கே கவர்னர். 'இந்தியக் கிரிக்கெட்டின் தந்தை' என்று அவரைச் சொல்வது பழக்கமாகிவிட்டது. அது தவறு. பார்சிகள் 1848லேயே கிளப் வைத்திருந்தார்கள். 1886லும் 1888லும் இங்கிலாந்து போய் ஆடிவிட்டு வந்தார்கள். 1890 ஜனவரியில் ஜி.எஃப். வெர்னனின் இங்கிலாந்து அணியை இதே ஊரில் தோற்கடித்தார்கள். ஹாரிஸ் கப்பலேறும் முன்பே எல்லாம் நடந்துவிட்டது. பார்சி ஜிம்கானாவின் நிலமும் அவருக்கு முந்தைய கவர்னர் காலத்தது.

அவர் செய்தது வேறு. முஸ்லிம்களும் இந்துக்களும் நிலம் கேட்டபோது கொடுத்தார். பார்சிகளுக்குக் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு எப்படி மறுப்பது, சமூகத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை என்பது அவருடைய விதி. விதி நேர்மையானது, விளைவு நேர்மையாக வரவில்லை. ஐரோப்பியர்களும் பார்சிகளும் ஆடிவந்த போட்டியில் 1907ல் இந்துக்களும் 1912ல் முஸ்லிம்களும் சேர, மத வாரியான அணிகளின் போட்டி நகரத்தின் பெரிய விழாவாயிற்று. 1940ல் காந்தி அதை எதிர்த்துப் பேச நேர்ந்தது, 1946ல்தான் நின்றது. கிரிக்கெட் பரவியதும் இதே நிலத்தால், பிரிந்து பரவியதும் இதே நிலத்தால்.

1893 ஆகஸ்ட் 11 அன்று பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. மழைக்காலத்தில் கவர்னர் புனேயில் இருப்பது வழக்கம். ஹாரிஸும் கணேஷ்கிண்ட் மாளிகையில் இருந்தார், உடனே கிளம்பி வரவில்லை. பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. சிட்னியில் அடி வாங்கியும் களத்தை விட்டு நகராதவர் இங்கே களத்துக்கே வரத் தாமதித்தார். அங்கே அவருக்கு வழி சொல்ல விதிப் புத்தகம் இருந்தது. தெருவில் ஜனங்கள் வெட்டிக்கொள்ளும்போது எந்தப் புத்தகமும் இல்லை. அவருடைய ஆட்சியை எடைபோட எங்களுக்கு இந்தச் சில நாட்களே போதும். அந்த மாளிகை இப்போது புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். நேரம் இருப்பவர்கள் மறுநாள் போகலாம்.

மதியத்துக்குள் ஆசாத் மைதானத்துக்கு வாருங்கள், சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இருபதுக்கு மேற்பட்ட ஆடுகளங்கள் நெருக்கிப் போடப்பட்டவை. ஓர் ஆட்டத்தின் மிட் ஆனும் பக்கத்து ஆட்டத்தின் தேர்ட் மேனும் முதுகோடு முதுகு நிற்பார்கள். குறுக்கே நடக்காமல் ஓரமாகவே போங்கள், பந்து எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். பள்ளிப் பையன்களுக்கான ஹாரிஸ் கேடயம் 1890களிலிருந்து நடக்கிறது. 1988 பிப்ரவரியில் இங்கேதான் சாரதாஸ்ரம் பள்ளிக்காக வினோத் காம்ப்ளி 349, சச்சின் டெண்டுல்கர் 326, இருவரும் ஆட்டமிழக்காமல் 664 ரன் கூட்டாகச் சேர்த்தார்கள். கேடயத்தின் ஆட்டங்கள் குளிர்காலத்தில் நடக்கும். போட்டி நாளில் போனால் மரத்தடியில் பலகை வைத்து, மதிப்பெண் புத்தகத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். கேட்டால் ஸ்கோர் சொல்வார்கள். ஓவர் நடுவில் கேட்காதீர்கள்.